இலை இடுக்கில் திருநீறு

நாகலக்ஷ்மி ஆன்ட்டியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் ஒரு கதவுடன் பேசிக்கொண்டிருந்தார்.

சேனாபதி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அமெரிக்காவில் இந்த மான்மவுத் ஜங்ஷன் டவுன்ஹோம்களில் அப்படித்தான், பக்கத்து வீட்டில் தாளித்தால் நம் வீட்டில் தும்மல் வரும். அன்றைக்குக் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்க வெளியே வந்தேன். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா, ஸ்வெட்டருக்கு மேல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, சேனாபதி வீட்டு வாசலில் நின்று மூடிய கதவைப் பார்த்து, "இல்லம்மா, எங்கயும் போகல. சும்மா மூச்சு விட வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதவு பதில் சொன்னது. "குளிருது சித்தி, உள்ள போங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் புரிந்தது, அழைப்பு மணியோடு சேர்ந்த கேமரா. வாசலில் யார் நின்றாலும் சேனாபதியின் மனைவி மானஸாவின் போனில் சத்தம் வரும். அவள் எடிசனில் ஆபீஸில் உட்கார்ந்தபடியே அதன் வழியாகப் பேசுவாள். திருடனைப் பிடிக்க மாட்டியதுதான். ஆனால் பகலில் அந்தக் கதவைத் திறந்து மூடுகிற ஆள் இந்த அம்மா ஒருவர்தான், வேறு யாரை அது பிடிக்கும்?

மானஸா கெட்டவள் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போகப் போக நான் அவளைத் திட்டப்போகிறேன். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தால் முதல் டப்பா எங்கள் வீட்டுக்குத்தான் வரும். சித்திக்கு ஸ்னோ பூட்ஸ், கம்பளிக் கையுறை, முழங்கால் வலிக்கு மாத்திரை, சூடாகிற போர்வை என்று எதிலும் குறை வைக்கவில்லை. சேனாபதியைக் கேட்கவே வேண்டாம். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், சித்தி எங்களுக்குத் தெய்வம் மாதிரி என்பான். தெய்வத்தையும் நாம் உள்ளே வைத்துப் பூட்டித்தான் வைக்கிறோம், அது வேறு விஷயம்.

அந்தத் தெய்வம் ஊரில் என்னவாக இருந்தது தெரியுமா? நங்கநல்லூர் கற்பகம் அபார்ட்மென்ட்ஸின் செக்ரட்டரி. டெலிபோன் இலாகாவில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்கா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட, அக்கா மகன் சேனாபதியைப் பள்ளிக்கூடம் முடிகிற வரை வளர்த்தது இவர்தான். முதல் மாடியில் சின்ன ஃப்ளாட், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. மோட்டார் ரூம் சாவி இவர் இடுப்பில் தொங்கும். காலையில் இவர் போய் மோட்டார் போட்டால்தான் மொத்தக் கட்டடமும் பல் தேய்க்கும். தண்ணீர் லாரிக்காரன் இவர் குரலைக் கேட்டால் வண்டியை ஒழுங்காக ரிவர்ஸ் எடுப்பானாம். சொல்லும்போதே ஆன்ட்டியின் முதுகு நிமிர்ந்துவிடும்.

இங்கே அவர் மோட்டார் போட முடியாது, ஹீட்டரைக் கூட்டக்கூட முடியாது. அதுவும் மானஸாவின் போனில்தான் இருந்தது.

எப்படி வந்து மாட்டினார் என்றால், அவர்கள் மகள் ரோஷினியை விட்டுக்கொண்டிருந்த டேகேரைத் திடீரென்று மூடிவிட்டார்கள். மற்ற இடத்திலெல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். சேனாபதி போன் பண்ணி, ஆறு மாசம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் சித்தி என்றான். திரும்புகிற டிக்கெட்டை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், தேதி மாறினால் வீண் என்று ஒன்-வே டிக்கெட் அனுப்பினான். வளர்த்த பிள்ளை கூப்பிட்டால் யார் கணக்குப் பார்ப்பார்கள்? மோட்டார் ரூம் சாவியை எதிர் ஃப்ளாட் பசுபதியிடம் கொடுத்துவிட்டு ஆன்ட்டி விமானம் ஏறினார். ரோஷினிக்கு நாலு வயது. 'நாகும்மா, நாகும்மா' என்று காலைச் சுற்றும். ஆன்ட்டி தமிழில் கேட்டால் அது இங்கிலீஷில் பதில் சொல்லும். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சிக்கலும் இல்லை.

இலையெல்லாம் சிவக்கிற மாசத்தில் ஆன்ட்டிக்குப் பிறந்தநாள் வந்தது. நானும் கேசரித் தட்டோடு போயிருந்தேன். சூப்பர் மார்க்கெட்டிலிருந்து மானஸா ஓர் ஆர்க்கிட் வாங்கி வந்திருந்தாள். செலோஃபேன் சுற்றி, ரிப்பன் கட்டி, வளைந்த தண்டு நிறைய ஊதாப் பூ. அழகுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆன்ட்டி கையில் கொடுத்துவிட்டு மானஸா சொன்னாள்.

"இந்தப் பூ விழுந்தா மறுபடி பூக்க ஒரு வருஷம் ஆகும் சித்தி. நீங்க இருந்து பாக்கணும்."

எல்லோரும் கை தட்டினோம். ஆன்ட்டியும் சிரித்தார். ஆனால் ஊருக்குப் போகிற மாசத்தை அவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வாரமே, விசாவில் தங்குவதற்கு இன்னொரு ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன் அப்ளை பண்ணியாகிவிட்டது என்று சேனாபதி சாப்பாட்டு மேஜையில் நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னான். கையெழுத்து போடச் சொன்னபோது எதற்கு என்று இவரும் கேட்கவில்லை. வளர்த்த பிள்ளை நீட்டிய பேப்பர்.

சேனாபதி காஞ்சிபுரத்துச் சைவ முதலியார் வீட்டுப் பையன். மேனேஜர் ஆனாலும் குளித்ததும் நெற்றி நிறையப் பட்டை போடாமல் லாப்டாப்பைத் திறக்க மாட்டான். அவர்கள் வீட்டில் தனியாகப் பூஜை அறை கிடையாது. கிழக்கு ஜன்னலோரம் ஒரு பலகை, அதில் முருகனும் பிள்ளையாரும் விபூதிக் கிண்ணமும். நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் அது ஒன்றுதான் என்பதால் ஆர்க்கிட்டையும் அங்கேயே வைத்தார்கள். சேனாபதி மூன்று விரலால் திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு விரலை உதறுவான். பாதி செடியின் மேல் விழும்.

கொஞ்ச நாளில் இலையும் தண்டும் சேருகிற இடுக்கில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? திருநீறு. அதைத் துடைத்துக் குப்பையில் போடுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ரோஷினி குச்சியால் நோண்டப் போனபோது, சாமி திருநீறு, தொடக்கூடாது கண்ணு என்று ஆன்ட்டியே கையைப் பிடித்தார். அப்புறம் பலகை பிசுபிசுக்க ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை நைவேத்தியத்துக்குப் பஞ்சாமிர்தம் செய்கிறார்களே, அது சிந்தியிருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்தார். மறுநாள் மறுபடியும் பிசுபிசுப்பு, மறுபடியும் துடைப்பு. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. என் கறிவேப்பிலைச் செடி செத்த கதை இந்த வரிசைக்கே தெரியும்.

இதற்கு நடுவில் நங்கநல்லூரில் பசுபதி தன் வேலையைக் காட்டினான். கட்டடம் பழசாகிவிட்டது, ஒரு பில்டரிடம் கொடுத்து இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பொங்கல் முடிந்து ஜெனரல் பாடி மீட்டிங், அதில் முடிவு. ஆன்ட்டி வேண்டாம் என்று பதில் போட்டார். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, குழாயை மாற்றினால் போதும் என்று விவரமாக எழுதினார். அதற்குப் பசுபதி கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டு, மேடம் அமெரிக்காவிலிருந்து கருத்து சொல்லலாம், இங்கே குடியிருக்கிறவர்கள்தான் முடிவு பண்ண வேண்டும் என்று எழுதிவிட்டான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி!

ஆன்ட்டி மீட்டிங்கில் நேரில் போய் உட்கார்ந்தால் தயங்குகிற நாலு பேர் இவர் பக்கம் வருவார்கள். போகாவிட்டால் வீடு போகும். புது வீடு எப்போது எழும்பும் என்று அந்தப் பில்டருக்கே தெரியாது. அதுவரை இவர் எங்கே இருப்பார்? எல்லோருக்கும் பதில் தயாராக இருந்தது. அமெரிக்காவில்.

டிக்கெட் போட்டுக்கொடு என்று சேனாபதியிடம் கேட்டார். எக்ஸ்டென்ஷனுக்குப் பதில் வருகிற வரைக்கும் நகர முடியாது சித்தி என்றான். நடுவில் போனால் மறுபடி விசா கொடுக்க மாட்டார்கள், அவர்கள் சிஸ்டமே அப்படி என்றான். பாஸ்போர்ட் அவன் டிராயரில் பத்திரமாக இருந்தது. ஆன்ட்டி என்னிடம் வந்து, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும், படிச்ச பையன் என்றார். என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி எனக்குப் போட்டிருக்கும் கட்டளை ஒன்றே ஒன்றுதான், அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்காதே. வாயை மூடிக்கொண்டு காபி போட்டுக் கொடுத்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அது நடந்தது. ரோஷினிக்கு அன்றைக்குத் தடுப்பூசி. நேரமாகிவிட்டது, சேனாபதி அவசரத்தில் விபூதிக் கிண்ணத்தைத் தடவினால் காலி. பாக்கெட்டும் தீர்ந்துவிட்டது. அதனால் என்ன, செடியில்தான் இருக்கிறதே என்று இலை இடுக்கிலிருந்து விரலால் வழித்து, 'முருகா' என்று குழந்தையின் நெற்றியில் வைத்துவிட்டான். ரோஷினி கண்ணை மேலே உருட்டிப் பார்த்தது. அப்புறம் அமைதியாக, "அப்பா, இட்ஸ் வாக்கிங்" என்றது.

சேனாபதி தேய்த்தான். நெற்றியில் ஆரஞ்சு நிறத்தில் இழுகியது. ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். மாவுப்பூச்சி. நங்கநல்லூரில் செம்பருத்திச் செடியில் அப்பிக்கொள்ளுமே, அதே சனியன். செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தித்திப்பாக ஒன்றை வடிக்கும், பலகையில் பிசுபிசுத்தது அதுதான், பஞ்சாமிர்தம் இல்லை. மூன்று மாசமாக ஒரு வீடே பூச்சிக்கு மரியாதை செய்திருக்கிறது! ஆன்ட்டி இதை என்னிடம் சொன்னபோது இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். திடீரென்று அவர் சிரிப்பு நின்றது. "செம்பருத்தியில பாத்திருந்தா உடனே தெரிஞ்சிருக்கும் ஷ்யாமளா. சாமி பக்கத்துல இருந்ததால தெரியல" என்றார்.

மானஸா போனில் தேடிப் பார்த்துவிட்டு, முதலில் தனியாகப் பிரிக்க வேண்டுமாம் என்று செடியைக் கெஸ்ட் பாத்ரூமில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஜன்னல் இல்லாத பாத்ரூம், விளக்கு மட்டும் எரியும். நான் மருந்துக் கடையிலிருந்து ஸ்பிரிட்டும் காது குடைகிற பட்ஸும் வாங்கி வந்தேன். ஆன்ட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பட்ஸை ஸ்பிரிட்டில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுத்தார். இலைக்கு அடியில், பூக்காம்பில், தண்டின் கணுவில். வந்த நாளிலிருந்து அவரை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை. எனக்கு உத்தரவு போட்டார், விளக்கை இப்படிப் பிடி, அப்படிப் பிடி என்றார். தண்ணீர் லாரிக்காரன் எதைக் கேட்டுப் பயந்தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

வேலை முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு செடியைப் பார்த்தார். "இதுக்கும் நல்ல வசதிதான். லைட்டு இருக்கு, ஹீட்டர் இருக்கு. கதவு மட்டும் சாத்தியிருக்கணும்" என்றார். நான் டவலை மடித்துக்கொண்டிருந்தேன்.

சுத்தமாகிவிட்டது என்று நினைத்தோம். பொங்கல் முடிந்து பார்த்தால் மறுபடி வெள்ளை. சோப்புத் தண்ணீர் தெளித்தார், அதற்கும் அடங்கவில்லை. வேப்பெண்ணெய் வேண்டும் என்றார். ஓக் ட்ரீ ரோட்டில் இந்தியக் கடைக்கு என் காரில் கூட்டிப்போனேன். கிளம்பும்போது வாசலில் கால் வைத்ததும் கதவு கேட்டது, "எங்க சித்தி கிளம்பிட்டீங்க? ஷ்யாமளா அக்கா கூடவா?" ஆன்ட்டி நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். திரும்பும்போது, மீட்டிங் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றார்.

செடியை எங்கள் கராஜுக்கு எடுத்து வந்தோம். செய்தித்தாளை விரித்து, பீங்கான் தொட்டியிலிருந்து ஆன்ட்டி செடியை உருவினார். வேரைச் சுற்றிப் பாசி மாதிரி ஒன்றை இறுக்கி அடைத்திருந்தார்கள். அதைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தால் நடுவில், வேரின் கழுத்தோடு ஒட்டி, கைக்குள் அடங்குகிற ஒரு பிளாஸ்டிக் கூடை. செடி குட்டியாக இருந்தபோது வைத்தது, கடைசிவரை யாரும் எடுக்கவில்லை. வேரெல்லாம் அதன் வலைக்குள் நெரிந்து கறுத்திருந்தது. கத்தரிக்கோலால் அதை வெட்டித் திறந்தார். உள்ளே பஞ்சு பஞ்சாகப் பூச்சிக் கூடு.

"வாங்கும்போதே உள்ள இருந்திருக்கு" என்றார் ஆன்ட்டி.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "டிக்கெட்டும் ஒன்-வேதான் அனுப்பினான்" என்றார். அவர் எழுந்து, அழுகின வேரை நறுக்கி, மிச்சத்தை வேப்பெண்ணெய் கலந்த தண்ணீரில் அலசி, வீட்டில் கிடந்த பழைய தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, புது மரப்பட்டைத் துண்டுகளை நிரப்பி நட்டார். நடும்போது கடைசிப் பூவும் உதிர்ந்துவிட்டது. இரண்டு இலையும் ஒரு மொட்டைத் தண்டும்தான் மிச்சம்.

அன்று சாயங்காலம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் கூடப் போனேன். தயிர் டப்பாவை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மானஸா ஆபீஸிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பார்த்ததும் சிரித்தாள். இன்னுமா சித்தி இதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், பூ போனால் தூக்கிப் போட வேண்டியதுதானே, எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள், புதுசாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றாள். மனதில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, சும்மா வாயில் வந்தது.

"ஒரு வருஷம் இருந்து பாக்கணும்னு சொன்னியேம்மா" என்றார் ஆன்ட்டி.

"அது சும்மா சொன்னது சித்தி."

ஆன்ட்டி தலையை ஆட்டினார். சேனாபதி லாப்டாப்பை மூடிவிட்டு வந்தான். விஷயம் செடி இல்லை என்று அவனுக்கு மூக்கு வேர்த்திருக்க வேண்டும். பசுபதி அங்கிளோடு பேசிவிட்டேன் சித்தி, நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள், புது ஃப்ளாட் கட்டி முடிக்கிற வரைக்கும் இங்கேயே நிம்மதியாக இருக்கலாம் என்றான். எவ்வளவு அன்பாகச் சொன்னான் தெரியுமா? எனக்கு அவன் தலையில் அந்தத் தயிர் டப்பாவைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"என் பாஸ்போர்ட்டைக் குடுப்பா" என்றார் ஆன்ட்டி.

சேனாபதி மறுபடியும் எக்ஸ்டென்ஷன் கதையை ஆரம்பித்தான். இப்போது கிளம்பினால் அது கேன்சல் ஆகிவிடும், அப்புறம் திரும்பி வர விசா கிடைக்கவே கிடைக்காது என்றான்.

"திரும்பி வர விசா கிடைக்காதுன்னுதானே சொல்றே? நான் திரும்பி வரணும்னு எப்பப்பா சொன்னேன்?"

நாங்கள் எல்லோரும், நான் உட்பட, இத்தனை நாளாக அந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்து கேட்காமல் விட்டிருந்தோம். பூட்டு வெளியே போகிற கதவில் இல்லை, உள்ளே வருகிற கதவில்தான் இருந்தது. மானஸாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போன மாசமே டேகேரில் இடம் வந்தது, நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இப்போது நான் என்ன செய்வேன் சித்தி என்று அழுதாள். பாவம், அவள் கஷ்டமும் கஷ்டம்தான். ஆனால் இடம் வந்ததை இவரிடம் ஒரு வார்த்தை சொன்னாளா?

சேனாபதியின் முகம் சிறுத்துவிட்டது. "உங்களுக்கு நாங்க என்ன குறை வச்சோம் சித்தி?" என்று கேட்டான்.

"ஒரு குறையும் வைக்கலப்பா. அதனாலதான் இத்தனை நாள் தெரியல. நானும் திருநீறுன்னு நினைச்சுத் தொடாம இருந்துட்டேன்."

சேனாபதியின் கை தானாக நெற்றிக்குப் போனது. பிறகு மாடிக்குப் போய் டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து ஆன்ட்டியின் கையில் கொடுத்தான். நாளைக்கே டிக்கெட் போடுகிறேன் என்றான். அவன் வளர்ந்த விதத்துக்கு அது ஒன்றாவது செய்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்புகிற நாளன்று மானஸா ஆபீஸ் போய்விட்டாள். மீட்டிங் இருக்கிறதாம். ரோஷினியை என்னிடம் விட்டிருந்தார்கள். சேனாபதி பெட்டிகளைக் காரில் ஏற்றினான். ஆன்ட்டி எனக்குத் தயிர் டப்பாவைக் கொடுத்து, கொஞ்ச நாளைக்கு வேறு செடி பக்கத்தில் வைக்காதே, வாரம் ஒரு தடவை இடுக்கில் பார் என்றார். குழந்தையைத் தூக்கி முத்தம் கொடுத்தார். அது, "நாகும்மா, வென் ஆர் யூ கமிங் பேக்?" என்றது. அவர் கன்னத்தைத் தட்டிவிட்டு இறக்கிவிட்டார்.

வாசலைத் தாண்டியதும் நின்றார். பழக்கம். கதவைத் திரும்பிப் பார்த்தார், அந்தச் சின்ன கேமராக் கண்ணை. நம் வீட்டில் சுடுகாட்டுக்குப் போகிறவன்கூடப் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்ல வேண்டும், 'போறேன்' என்றால் பெரியவர்கள் வாயிலேயே போடுவார்கள். ஆன்ட்டிக்கு அது தெரியாதா?

"போறேம்மா" என்றார் கேமராவிடம்.

கதவு ஒன்றும் சொல்லவில்லை. சேனாபதி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான், அவனுக்கும் கேட்டது. நுவார்க் ஏர்போர்ட் போகிற வரை சித்தி மடியில் தலை வைத்துப் படுத்த காலத்தையெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினானாம், பின்னால் அவனே என்னிடம் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் ஆன்ட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஜெட் லாகில் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, மேடம் பயங்கரக் கோபத்தில் வந்திருக்கிறார்கள் என்று பாதிப் பேர் பயந்துவிட்டார்களாம். இடிக்கிற பேச்சு இப்போதைக்கு இல்லை, குழாய் மட்டும் மாற்றுகிறார்கள். மோட்டார் ரூம் சாவி இடுப்புக்கு வந்துவிட்டது. குரல் பதிவு ஒன்று அனுப்பினார், பின்னால் மோட்டார் ஓடுகிற சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அனுப்பியிருப்பார். நான் இரண்டு தடவை போட்டுக் கேட்டேன்.

ஆர்க்கிட் என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. பூ இல்லை, ஆனால் ஒரு புது இலை விட்டிருக்கிறது. நான் வளர்த்து ஒரு செடி இலை விட்டது இதுவே முதல் தடவை என்பதால் வெள்ளியங்கிரி போட்டோ எடுத்து அவர் அண்ணனுக்கு அனுப்பினார்.

போன வாரம் மணி அடித்தது. திறந்தால் மானஸா, கையில் செலோஃபேன் சுற்றி, ரிப்பன் கட்டிய ஆர்க்கிட். இந்தத் தடவை வெள்ளைப் பூ. முகம் நிறையச் சிரிப்பு, சண்டையெல்லாம் மறந்துவிட்ட மாதிரி. எனக்கும் அவளைப் பார்த்ததில் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

"அக்கா, அடுத்த மாசம் ஊர்லேர்ந்து உங்க அம்மா வராங்களாமே? அவங்களுக்குத்தான் இது. எவ்ளோ நாள் இருப்பாங்க? ரோஷினிக்குக்கூட ஒரு துணையா இருக்கும்."

தேங்க்ஸ் சொல்லி வாங்கிக்கொண்டேன். உள்ளே கொண்டுபோகவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் குளிரில் வாசற்படியிலேயே நின்று செலோஃபேனைப் பிரித்து, ஒவ்வோர் இலையாகத் தூக்கி இடுக்கில் பார்த்தேன்.